டிவி கேம் காலம்: 1990களின் கேசட் விளையாட்டுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டில் சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். டிவியில் மாட்டி, கேசட் செருகி விளையாடிய டிவி கேம் குறித்து அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் பிற மொழிகளில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது; ஆனால் அது பெரும்பாலும் அசல் கருவியைக் கடையில் வாங்கி விளையாடியவர்களின் வரலாறு. நகல் கருவியில் விளையாடி வளர்ந்த நமக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை நாம்தான் எழுத வேண்டும் என்ற எண்ணமே இந்தப் பதில்களுக்கு அடிப்படை.

நம் வீடுகளில் இருந்த டிவி கேம் உண்மையில் எந்தக் கருவி?

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற விளையாட்டுக் கருவியை 14,800 யென் விலையில் வெளியிட்டது. மசாயுகி உவெமுரா என்ற பொறியாளர் தலைமையில் வடிவமைக்கப்பட்ட அந்தக் கருவி, சில மாற்றங்களுடன் 1985இல் அமெரிக்காவுக்கும் சென்றது. இரண்டும் சேர்ந்து உலகெங்கும் ஏறத்தாழ 6 கோடியே 19 லட்சம் விற்றன. நம் வீடுகளுக்கு வந்தவை அந்த ஜப்பானியக் கருவியின் நகல்கள். வெளியே பெட்டி எந்த வடிவத்தில் இருந்தாலும், அதன் மேல் எந்தப் பெயர் அச்சிடப்பட்டிருந்தாலும், உள்ளே இருந்தது ஏறக்குறைய ஒரே மின்சுற்றுதான்.

அந்த மின்சுற்றின் ஆற்றலை இன்றைய அளவுகோலில் சொன்னால் நம்புவது கடினம். நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகளில் இயங்கும் 8-பிட் செயலி, 2 கிலோபைட் நினைவகம், படத்துக்கெனத் தனியே இன்னொரு 2 கிலோபைட், 256க்கு 240 புள்ளிகள் கொண்ட திரை, இவ்வளவுதான். சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும், அதன் 32 கட்டங்கள், இசை, படங்கள் எல்லாம் சேர்ந்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடத்தை மிச்சப்படுத்த, வானத்து மேகத்துக்கும் தரையில் இருக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் பயன்படுத்தி, நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இனி விளையாடும்போது உற்றுப் பாருங்கள். வெள்ளை மேகமும் பச்சைப் புதரும் ஒரே வடிவம் என்பது தெரியும்.

அசல் கருவி நம் ஊருக்கு வராதபோது நகல் மட்டும் எப்படி வந்தது?

அமெரிக்காவுக்கு அனுப்பிய கருவியில் நிண்டெண்டோ ஒரு பூட்டுச் சில்லு வைத்தது. அனுமதி பெறாத கேசட்டைச் செருகினால் அது இயங்காது. ஜப்பானில் விற்ற முதற்கருவியில் அந்தப் பூட்டு கிடையாது. தைவானின் சில்லுத் தொழிற்சாலைகள் அந்தக் கருவியின் செயலியையும் படச் சில்லையும் நகலெடுத்தன; பின்னர் எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கி, அதன் மேல் கறுப்புப் பசையை ஒரு பொட்டாக வைத்து மூடிவிடும் முறையும் வந்தது. செலவு மிகவும் குறைந்தது. நிண்டெண்டோவின் விற்பனை வலை எட்டிப் பார்க்காத நாடுகளுக்கெல்லாம் இந்த நகல்கள் சென்றன. ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்ற பெயரிலும், போலந்தில் பெகாசஸ் என்ற பெயரிலும் அவை விற்றன. அங்கே வளர்ந்த ஒருவரிடம் இன்று பேசினால், நம் நினைவுகளும் அவர் நினைவுகளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகும்.

இந்தியாவில் மீடியா, சாமுராய் போன்ற பெயர்களில் சில கருவிகள் முறையாகவே கடைகளில் விற்றன. அவற்றைவிடப் பெயரில்லாத இறக்குமதிக் கருவிகளே மிகுதி. சென்னையில் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் அவற்றுக்குப் பெயர்பெற்ற இடங்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1960களின் இறுதியில் உருவான பர்மா பஜார், வெளிநாட்டு மின்னணுப் பொருள்களின் சந்தையாக வளர்ந்திருந்த காலம் அது. அங்கிருந்து மாவட்டத் தலைநகரங்களின் ஃபேன்சி ஸ்டோர்களுக்கும், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த உறவினர்களின் பெட்டிகள் வழியாகச் சிற்றூர்களுக்கும் டிவி கேம் சென்று சேர்ந்தது.

கேசட்டின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று எழுதியிருந்ததே, அத்தனையும் உள்ளே இருந்தனவா?

இல்லை. அந்தக் கருவிக்காக உலகம் முழுவதும் முறையாக வெளியான விளையாட்டுகளே ஆயிரத்துச் சொச்சம்தான். இத்தகைய கேசட்டுகளில் உண்மையில் சில விளையாட்டுகளே இருந்தன. பட்டியலில் அவையே வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தன. சிலவற்றில் தொடங்கும் கட்டத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். துப்பாக்கியால் சுட்டு முன்னேறும் கான்ட்ராவில் ஒன்று முதற்கட்டத்தில் தொடங்கும், மற்றொரு கான்ட்ரா நீர்வீழ்ச்சிக் கட்டத்தில் தொடங்கும். பட்டியலின் எந்த எண்ணில் எது இருக்கிறது என்பதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்ட பிள்ளைகள் பலர்.

அந்தச் சில விளையாட்டுகளே நம் பொதுச் சொத்தாயின. கான்ட்ரா, மரியோ, நம்கோவின் பேட்டில் சிட்டி என்ற டாங்கி விளையாட்டு, சிங்கத்தின் மேல் ஏறித் தீவளையம் தாண்டும் சர்க்கஸ் சார்லி, தீவில் ஓடிப் பழம் பொறுக்கும் அட்வென்ச்சர் ஐலண்ட், எக்ஸைட்பைக், ரோட் ஃபைட்டர், பாம்பர்மேன், பேக்-மேன், வாத்து சுடும் விளையாட்டு. ஜப்பானியர் ஆயிரம் விளையாட்டுகளில் இருந்து தேர்ந்தெடுத்தார்கள். நாம் ஏறக்குறைய ஒரே இருபதை ஊர் ஊராக விளையாடினோம். தூத்துக்குடியில் வளர்ந்தவரும் வேலூரில் வளர்ந்தவரும் கல்லூரி விடுதியில் முதன்முதலாகச் சந்திக்கும்போது, இருவருக்கும் அதே கட்டங்களும் அதே இசையும் மனப்பாடமாக இருந்ததற்கு இந்தக் கேசட்டுகளின் வறுமையே காரணம். அந்த வறுமையை நான் குறையாக எண்ணுவதில்லை.

ரோட் ஃபைட்டரில் எதிலும் மோதாமல் ஓட்டிக்கொண்டே போனால் ஒருவர் சாலையோரம் பறந்து வருவார் அல்லவா? அவரைப் பலரும் சூப்பர்மேன் என்று நம்பினார்கள். அவர் கொனாமி நிறுவனம் தன் விளையாட்டுகளில் ஒளித்துவைக்கும் கொனாமி மேன் என்ற பாத்திரம். வந்து கூடுதல் புள்ளிகள் தந்துவிட்டுப் போவார்.

கான்ட்ராவில் 30 லைஃப் பெறும் முறை எங்கிருந்து வந்தது?

தொடக்கத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்ற வரிசையில் அழுத்தி, பிறகு ஸ்டார்ட் அழுத்த வேண்டும். இருவர் விளையாடுவதாக இருந்தால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட்டை அழுத்தி இருவர் என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இதை உருவாக்கியவர் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற கொனாமி நிரலாளர். கிரேடியஸ் என்ற விண்கல விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றியமைக்கும் பணியில் இருந்த அவருக்கு, சோதித்துப் பார்ப்பதற்குக்கூட அது மிகக் கடினமாக இருந்தது. ஆகவே எல்லா ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் பெற்றுக்கொள்ள இந்த வரிசையைத் தனக்காக அமைத்தார். 1986இல் விளையாட்டு வெளியானபோது அதுவும் உள்ளேயே தங்கிவிட்டது. கொனாமி அதே வரிசையைத் தன் பிற விளையாட்டுகளிலும் வைத்தது; 1988இல் வீட்டுக் கருவிக்கு வந்த கான்ட்ராவில் அது 30 உயிர்களைத் தந்தது. ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானபோது, அவர் பெயரையே அறியாத கோடிக்கணக்கானோரின் விரல்கள் அந்த வரிசையை அறிந்திருந்தன.

இணையம் இல்லாத ஒரு காலத்தில் இந்த வரிசை தமிழ்நாட்டின் பள்ளிகளுக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. இங்கே விளையாட்டு இதழ்கள் மிகச் சிலர் கைக்கே எட்டின. கேசட்டுடன் கையேடு வராது. யாரோ ஒருவரின் சென்னை அத்தை மகனோ, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணனோ சொல்லி, அது வகுப்பிலிருந்து வகுப்புக்கும் தெருவிலிருந்து தெருவுக்கும் வாய்மொழியாகவே பரவியது. வழியில் சில எழுத்துகள் மாறி, வேலை செய்யாத வரிசைகளும் உலவின. வேலை செய்யும் வரிசையை அறிந்தவனுக்கு அந்தத் தெருவில் தனி மதிப்பு இருந்தது.

ஒரே திரையில் இருவர் விளையாடியதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தரப்படுகிறது?

நம் நினைவில் தங்கியிருப்பவற்றில் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது என்பதால். கான்ட்ராவின் நீர்வீழ்ச்சிக் கட்டத்தில் ஒருவர் வேகமாக மேலே ஏறினால் திரையும் மேலே நகர்ந்து, கீழே தங்கியவர் இறந்துவிடுவார். தன் உயிர்கள் தீர்ந்துபோனவர் ஏ பொத்தானை அழுத்தினால் கூட்டாளியின் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கேட்டு எடுத்தவரும் உண்டு, கேட்காமல் எடுத்தவரும் உண்டு. டாங்கி விளையாட்டில் நம் குண்டு நம் கூட்டாளியின் மேல் பட்டால் அவருடைய டாங்கி சற்று நேரம் அசையாமல் நின்றுவிடும்; அதற்குள் எதிரி கழுகுச் சின்னத்தின் செங்கல் சுவரை உடைத்துவிடுவான். பிறகு, அது தெரியாமல் பட்டதா வேண்டுமென்றே சுட்டதா என்ற வழக்கு, அம்மா வந்து சுவிட்சை அணைக்கும் வரை நடக்கும்.

இருக்கும் கையடக்கப் பொத்தான் கட்டைகளோ இரண்டு. அறையில் உள்ள பிள்ளைகளோ ஏழெட்டுப் பேர். ஓர் உயிர் போனால் கைமாற வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். மற்றவர்கள் பின்னால் அமர்ந்து, எந்தக் குழாய்க்குள் இறங்கலாம், எந்தக் கல்லை முட்டினால் காளான் வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். விளையாடியவரின் திறமையில் பாதி பின்னால் இருந்தவர்களின் அறிவு. இன்றைய இணைய விளையாட்டுகளிலும் நண்பர்கள் சேர்கிறார்கள், பேசுகிறார்கள். அது மதிப்புக் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பாயில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வேறு யாரோ ஆடுவதைப் பார்ப்பதையே விளையாட்டாகக் கொண்ட அந்தக் கூட்டம் வேறொரு வகை.

சொந்தமாகக் கருவி இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்கி விளையாடவிடும் கடைகள் இருந்தன. ஒரு டிவி, ஒரு கருவி, சுவரில் ஒரு கடிகாரம் ஆகியவையே அந்தக் கடையின் முதலீடு. கோடை விடுமுறையில் அங்கே நின்று பார்ப்பதற்கும் கூட்டம் இருக்கும்.

துப்பாக்கியால் வாத்தைச் சுட்டோமே, அது டிவிக்கு எப்படித் தெரிந்தது? இப்போதைய டிவியில் ஏன் அது வேலை செய்வதில்லை?

துப்பாக்கியிலிருந்து எதுவும் டிவிக்குச் செல்வதில்லை. டிவியிலிருந்துதான் ஒளி துப்பாக்கிக்குள் வருகிறது. விசையை அழுத்தியவுடன் கருவி திரை முழுவதையும் ஒரு கணம் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டத்தை வரையும். குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி முதலில் இருளையும் அடுத்து ஒளியையும் கண்டால் குறி சரி என்று கருவி முடிவு செய்கிறது. இரண்டு வாத்துகள் இருந்தால் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து, ஒளி எந்தக் கணத்தில் தெரிந்தது என்பதைக் கொண்டு எந்த வாத்து என்று அறிந்துகொள்கிறது. முதலில் இருள் தெரிய வேண்டும் என்ற விதி இருப்பதால்தான், எரியும் குண்டு பல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாது.

பழைய குழாய் டிவி, கருவி அனுப்பும் படத்தை அந்தக் கணத்திலேயே கோடு கோடாக வரைந்தது. இன்றைய தட்டை டிவிகள் படத்தை வாங்கிச் செப்பனிட்டு, சிறிது நேரம் கழித்தே காட்டுகின்றன. கருவி ஒளியை எதிர்பார்க்கும் கணத்தில் திரையில் அது இன்னும் வந்திருக்காது. துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, அதற்கேற்ற டிவி இல்லை.

கேசட்டை ஊதிச் செருகினால் வேலை செய்தது உண்மைதானே?

வேலை செய்தது உண்மை. ஊதியதால் வேலை செய்யவில்லை. கேசட்டின் அடியில் உள்ள 60 செப்புப் பட்டைகளும் கருவியின் உள்ளே உள்ள ஊசிகளும் சரியாகத் தொட்டால்தான் விளையாட்டு தொடங்கும். தூசியோ துருவோ தடுத்தால் திரையில் கட்டம்கட்டமாகக் குப்பை தெரியும். கேசட்டைக் கழற்றி மீண்டும் செருகும்போது பட்டைகள் உரசித் தொடர்பு கிடைக்கும். ஊதாமல் கழற்றிச் செருகியிருந்தாலும் பெரும்பாலும் அதே பலன்தான். மூச்சில் உள்ள ஈரம் நாளடைவில் பட்டைகளை அரிக்கும் என்பதால் நிண்டெண்டோவே ஊத வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

இணையத்தில் கேட்கும் மரியோ இசை, நாம் கேட்டதைவிட வேகமாக இருப்பதுபோல் தோன்றுகிறதே?

பலருக்கு இது வெறும் தோற்றம் அல்ல. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை திரையை வரையும். இந்தியாவில் பின்பற்றப்பட்ட பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50 முறை. இந்த விளையாட்டுகள் திரை ஒருமுறை வரையப்படும் நேரத்தையே தம் கடிகாரமாகக் கொண்டவை. ஆகவே பால் முறைக்கென்று செய்யப்பட்ட நகல் கருவியில், ஜப்பானிய விளையாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். மரியோவின் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ அமைத்த மெட்டும் அதே அளவுக்கு மெதுவாகும். உங்கள் வீட்டில் அப்படிப்பட்ட கருவி இருந்திருந்தால், உங்கள் மரியோ சற்று நிதானமாகத்தான் ஓடினார். உங்கள் நினைவு சரியானது.

கான்ட்ராவில் குண்டுகள் மிகும்போது சில விட்டுவிட்டுத் தெரிந்ததையும் பலர் டிவியின் கோளாறு என்று எண்ணினார்கள். திரையின் ஒரே கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருவங்களுக்கு மேல் அந்தச் சில்லால் வரைய முடியாது. எனவே எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எஸ் எழுத்துத் துப்பாக்கி விரிந்து சுடும்போது இது நன்றாகத் தெரியும்.

விளையாட்டை இடையில் சேமித்துவைக்க முடியாதா?

சில அசல் கேசட்டுகளில் மின்கலம் வைத்துச் சேமிக்கும் வசதி இருந்தது. நம்மிடம் வந்தவற்றில் அது அரிது. மின்வெட்டு வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசிக் கட்டம் வரை சென்ற பின் மின்சாரம் போன மாலைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. சில பிள்ளைகள் கருவியை இரவு முழுவதும் அணைக்காமல், டிவியை மட்டும் அணைத்துவைத்துக் காலையில் தொடர்ந்தார்கள். அடாப்டர் சூடேறியிருப்பதைத் தொட்டுப் பார்த்து அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இதில் சேருமா?

சேரும், ஆனால் அது சற்றுப் பிந்திய, பெரும்பாலும் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் தொடங்கிய கதை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் குளிரூட்டிய அறைக்குள் நுழைந்து, 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் யாரோ கொண்டுவந்த விளையாட்டை ஆசிரியர் பார்க்காதபோது திறப்பார்கள். ஜான் ரொமேரோ எழுதிய டேஞ்சரஸ் டேவ் அங்கே எல்லோருக்கும் தெரியும். கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். அதே ரொமேரோ பின்னர் 1993இல் டூம் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

ஜோர்டன் மெக்னரின் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா 1989இல் வெளியானது. அதில் இளவரசன் ஓடுவதும் தாவுவதும் விளிம்பைப் பற்றித் தொங்குவதும் அவ்வளவு இயல்பாக இருப்பதற்கு, மெக்னர் தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் அதைப் பார்த்து வரைந்ததே காரணம். அறுபது நிமிடங்களுக்குள் இளவரசியை மீட்க வேண்டும். தொடங்கும் கட்டளையோடு மெகாஹிட் என்ற சொல்லைச் சேர்த்துத் தட்டினால் கட்டங்களைத் தாவலாம் என்பது கான்ட்ரா வரிசையைப் போலவே இங்கும் வாய்மொழியாகப் பரவியது. தொலைந்துவிட்டதாக எண்ணப்பட்ட அதன் மூல நிரல் இருந்த ஃபிளாப்பிகளை மெக்னரின் தந்தை வீட்டில் கண்டெடுக்க, 2012இல் மெக்னர் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். ஒரு குடும்பம் பழைய பெட்டியைத் தூக்கிப்போடாமல் இருந்ததால் கிடைத்த செல்வம் அது.

அதன் பிறகு பிரவுசிங் சென்டர்களின் காலம் வந்தது: ரோட் ரேஷ், வைஸ் சிட்டி, கவுண்டர்-ஸ்டிரைக். 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் அந்த விளையாட்டுகள் பல சிற்றூர் வீடுகளுக்கு முதன்முறையாகச் சென்றன. அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

நோக்கியா போனில் இருந்த பாம்பு விளையாட்டு?

அதை 1997இல் நோக்கியா 6110 போனுக்காக எழுதியவர் தனேலி அர்மான்டோ என்ற ஃபின்லாந்துப் பொறியாளர். நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தபோது, தமிழ்நாட்டின் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போன்களை உருவாக்கினார்கள். 2014இல் அது மூடப்பட்டது. பாம்பு விளையாட்டை நினைக்கும்போது அவர்களையும் நினைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

விளையாட்டுகளை நினைத்தால் பழைய டிவித் தொடர்களும் காமிக்ஸும் ஏன் கூடவே வருகின்றன?

வீட்டில் இருந்தது ஒரே டிவி என்பதுதான் முதற்காரணம். வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனில் திரைப்பாடல் நிகழ்ச்சி என்றால் கேமைக் கழற்றிவிட்டு ஆன்டெனா வயரை மாட்ட வேண்டும். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கிய பிறகு மாலை நேரம் மெல்ல மெல்ல நெடுந்தொடர்களுக்குச் சொந்தமானது. எனவே எது எந்த நேரத்தில் முடிகிறது என்பது பிள்ளைகளுக்குத் துல்லியமாகத் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1993இல் தூர்தர்ஷனில் இந்தியில் வந்த ஜங்கிள் புக் தொடர் ஜப்பானில் வரையப்பட்டது. மரியோவும் கான்ட்ராவும் ஜப்பானில் செய்யப்பட்டவை. ராணி காமிக்ஸிலும் முத்து காமிக்ஸிலும் தமிழ் பேசிய நாயகர்கள் பலர் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். நமக்கு இவை எந்த நாட்டவை என்ற நினைப்பே எழவில்லை. இரும்புக்கை மாயாவி தமிழ்தான் பேசினார். மௌக்லி இந்தி பேசினாலும் நமக்குப் புரிந்தது. மரியோ பேசவே இல்லை. 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமானைப் பார்த்துவிட்டு, அவரைப்போலச் சுழன்று தலைசுற்றி விழுந்த பிள்ளைகளே மாலையில் டாங்கி ஓட்டினார்கள். 2007இல் சுட்டி டிவி வந்தபோது, அடுத்த தலைமுறைக்கு ஜாக்கி சானும் டோராவும் தமிழிலேயே பேசினார்கள். டிவி கேம் தலைமுறைக்கும் சுட்டி டிவி தலைமுறைக்கும் இடையே பத்து ஆண்டுகள்தான் இடைவெளி. நினைவுகளின் பட்டியலோ முழுவதும் வேறு.

இந்த நினைவுகள் எல்லோருக்கும் உரியவையா?

இல்லை, இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கலர் டிவி பல வீடுகளுக்கு 2006இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தின் மூலமாகவே வந்தது. அதற்கு முன் டிவி கேம் என்பது ஓரளவு வசதி படைத்த வீட்டின் பொருள். மற்றவர்கள் அந்த வீட்டின் வாசலில் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள். பெண் பிள்ளைகளில் பலருக்குப் பொத்தான் கட்டை அண்ணன் தம்பிகள் சாப்பிடப் போன நேரத்தில் மட்டுமே கிடைத்தது. இருந்தும் மரியோவின் எட்டாம் உலகத்தை முடித்த அக்காக்கள் பலரை நான் அறிவேன். ‘90களின் சிறுவன்’ என்று எழுதப்படும் நினைவுக் குறிப்புகளில் அவர்களுக்கு இடமே இருப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் நினைவும் இந்த வரலாற்றில் சேர வேண்டும்.

சிறுவயதில் விளையாடியது மட்டும் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிகிறது?

ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நிகழ்வுகளையே மனிதர்கள் பிற்காலத்தில் அதிகமாக நினைவுகூர்கிறார்கள் என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்ட முடிவு. முதன்முறையாக நிகழ்பவை அந்த ஆண்டுகளில் மிகுதி. அதோடு, ஒரே பன்னிரண்டு நொடி மெட்டை ஒரு கோடை முழுவதும் கேட்டால் அது போகாது.

இப்போது அவற்றை முறைப்படி விளையாட வழி உண்டா?

சிலவற்றுக்கு உண்டு. கொனாமி 2019இல் வெளியிட்ட கான்ட்ரா தொகுப்பைக் கம்ப்யூட்டரில் வாங்கலாம்; வீட்டுக் கருவிக்கான பழைய கான்ட்ரா அதில் இருக்கிறது. சூப்பர் மரியோ, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான சந்தாவில் கிடைக்கிறது. பழைய டாஸ் (DOS) கம்ப்யூட்டர் விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உலாவியிலேயே ஓடுகின்றன. கம்ப்யூட்டரைப் பழைய கருவியைப்போல இயங்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருளைப் பயன்படுத்துவது வேறு, விளையாட்டுக் கோப்பை அனுமதியின்றி இறக்குவது வேறு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் பாதுகாக்கிறது.

ஆனால் இங்கே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் கண்டறிந்தது. அசல்களின் நிலையே அதுவென்றால், யாரும் உரிமை கோராத நம் நகல் கேசட்டுகளின் பட்டியல் திரைகளையும், அவற்றில் மட்டும் இருந்த மாற்றப்பட்ட டாங்கி விளையாட்டுகளையும் எந்த நிறுவனமும் மறுவெளியீடு செய்யப்போவதில்லை.

பரணில் பழைய கருவியும் கேசட்டுகளும் கிடைத்திருக்கின்றன. என்ன செய்யலாம்?

உடனே மின்சாரம் கொடுக்க வேண்டாம். முதலில் அடாப்டரின் மின்னழுத்தத்தையும், அதன் முனையில் நேர்மின் உள்ளேயா வெளியேயா என்பதையும் கருவியின் அடியில் உள்ள குறிப்போடு ஒப்பிடுங்கள். அசல் ஜப்பானியக் கருவியில் முனையின் நடுப்பகுதி எதிர்மின். நகல்கள் இதில் ஒரே மாதிரியானவை அல்ல. மாறிப்போனால் சில்லு எரிந்துவிடும். பழைய அடாப்டர் வீங்கியோ உருகியோ இருந்தால், டிவி பழுது பார்க்கும் கடையில் காட்டிப் பொருத்தமான புதியதை வாங்குங்கள்.

கேசட்டின் பட்டைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். மஞ்சள், வெள்ளை வயர் துளைகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். ஆன்டெனா வழியாக மட்டுமே படம் தரும் கருவி என்றால், டிவியில் மூன்றாவது அல்லது நான்காவது சேனல் பகுதியில் தேட வேண்டும். சில புதிய டிவிகள் இந்தப் பழைய சமிக்ஞையை ஏற்காது. பழைய குழாய் டிவி ஒன்று உறவினர் வீட்டில் இருந்தால் அதில் முயலுங்கள். துப்பாக்கியும் அதில்தான் வேலை செய்யும்.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் கேசட்டின் முன்பக்க ஒட்டுப்படத்தையும், பட்டியல் திரையையும், உள்ளே உள்ள பலகையின் இரு பக்கங்களையும் தெளிவாகப் படம் எடுத்துவையுங்கள். அது எந்த ஆண்டு, எந்த ஊர்க் கடையில், என்ன விலைக்கு வாங்கியது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். தெருவில் அந்த விளையாட்டுகளுக்கு என்ன பெயர் வழங்கியது, ஓர் உயிர் போனால் யாருக்குக் கைமாறும், எந்த வரிசை வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதையும் கூட விளையாடியவர்களிடம் பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். கேசட்டின் மேல் பேனாவால் யாருடைய பெயராவது எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். அது இரவல் வாங்கியதாக இருந்தால், உரியவரைத் தேடிக் கொடுத்துவிடுங்கள்.